கோபம் யார் மீது பாய்கிறது?

அலுவலகத்தில் கோபம் ஆள் பார்த்துத்தான் பாய்கிறது. பல ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்ததில் நான் உறுதியாக நம்பும் விஷயம் இது. "கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது" என்று சொல்பவர்கள் பலரைக் கவனித்திருக்கிறேன். மேலதிகாரியின் எதிரில் அவர்களில் ஒருவரும் நிதானம் இழந்து நான் பார்த்ததில்லை.

ஒரு மேலாளரிடம் வேலை பார்த்தேன். திறமையானவர், வேலையை ஒன்று விடாமல் கற்றுக்கொடுத்தவர். ஆனால் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட்டால், "சரிங்க சார், உடனே பார்த்துவிடுகிறேன்" என்று பணிவாகப் பேசி முடிப்பார். அடுத்து யார் கோப்போடு உள்ளே நுழைகிறாரோ அவர் பாடு திண்டாட்டம்தான். ஒரு கையெழுத்து விடுபட்டிருந்தாலே போதும். நாளடைவில் பிரிவிலிருந்த இளைஞர்கள் கதவருகே நின்று, போன் பேச்சு முடிந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று ஒருவரையொருவர் கேட்டுவிட்டு உள்ளே போகப் பழகினார்கள். அவசரமாகக் காட்டவேண்டிய பிழைகள்கூட அப்படித் தள்ளிப்போயின. கோபக்காரரிடம் கெட்ட செய்தி கடைசியாகத்தான் போய்ச் சேர்கிறது. அவருக்கு அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று இன்றும் வருந்துகிறேன்.

பிரிவின் பொறுப்பு என் கைக்கு வந்தபோது, எனக்குள் எழும் கோபத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கினேன். அடக்குவதற்காக அல்ல, அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வதற்காக. முதலில் புரிந்தது, மனத்தை முந்திக்கொண்டு உடம்பு சொல்லிவிடுகிறது என்பது. எனக்குக் காது சூடாகும், தாடை இறுகும். சினத்தின்போது உடலில் நிகழும் மாற்றங்களை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இலேயே விரிவாக விளக்கியிருக்கிறார். அட்ரினலின் சுரக்கிறது, இதயத் துடிப்பு ஏறுகிறது, தசைகளுக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. சண்டைக்கோ ஓட்டத்துக்கோ உடல் தயாராகிறது. நாற்காலியில் உட்கார்ந்து பட்டியல் சரிபார்ப்பவர் யாரோடு சண்டையிடப் போகிறார், எங்கே ஓடப் போகிறார்? அந்த வேகமெல்லாம் நாக்குக்கு வந்துவிடுகிறது. நாக்கு இல்லையென்றால் எழுத்துக்கு. என் கடிதத்தில் "ஏற்கெனவே தெரிவித்தபடி" என்ற தொடர் தலைகாட்டினால் நான் கோபமாக இருக்கிறேன் என்று பொருள். அந்தக் கடிதத்தை உடனே அனுப்பமாட்டேன்.

கொட்டித் தீர்த்துவிட்டால் கோபம் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறானதைக் காட்டியது. தங்களைக் கடுமையாக விமர்சித்தவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. எதுவும் செய்யாமல் சும்மா இருந்தவர்கள்தான் தணிந்திருந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் குத்துப்பை இல்லை. அதன் இடத்தில் மனிதர்கள் நிற்கிறார்கள் என்பதுதான் எனக்கு வலிக்கும் விஷயம்.

ஒரு மாதக் கடைசி. மறுநாள் தணிக்கையாளர்கள் வருகிறார்கள். சரக்கு இருப்புப் பட்டியல் மாலை வரை வரவில்லை. வந்தபோது கணக்கு உதைத்தது. கொண்டுவந்த இளைஞர் மேசை முன் நிற்கிறார். என் காது சூடாகிவிட்டது. இது என்ன என்று என்னையே கேட்டேன். எரிச்சல் என்றுதான் முதலில் தோன்றியது. இன்னும் கொஞ்சம் பார்த்தால், அது பயம். நாளை தணிக்கையாளர் கேட்டால் பதில் சொல்லவேண்டியவன் நான் என்ற பயம். அதற்கும் எதிரில் நிற்பவருக்கும் என்ன சம்பந்தம்?

"எங்கே தாமதமாயிற்று தம்பி?"

"கிடங்கிலிருந்து நான்கு மணிக்குத்தான் சார் தாளே வந்தது. கடைசி நாள் வரும் சரக்கையும் பதிந்துவிட்டுத்தான் தருகிறார்கள்."

உட்காரச் சொன்னேன். வித்தியாசம் 540. ஒன்பதால் மீதியின்றி வகுபடும் வித்தியாசம் என்றால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்கு எழுதுபவர்களுக்குத் தெரியும். தேடினோம். ஒரு பக்கத்தின் 6,390 அடுத்த பக்கத்தில் 6,930 ஆகியிருந்தது. கத்திக்கொண்டிருந்தால் அந்த 540 என் கண்ணில் பட்டிருக்காது, அவர் கை நடுங்கி அடுத்த பிழையும் செய்திருப்பார். அடுத்த வாரமே கிடங்குப் பொறுப்பாளரிடம் போய்ப் பேசினேன். கடைசி நாள் சரக்குக்குத் தனித்தாள் என்று முடிவாயிற்று. என் கோபத்தில் நியாயமான பகுதி போய்ச் சேரவேண்டிய இடம் அதுதான்.

உணர்ச்சிக்குப் பெயர் சொன்னாலே அதன் வேகம் குறைவதை நரம்பியல் ஆய்வும் காட்டுகிறது. மேத்யூ லீபர்மனும் அவர் குழுவினரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், முகங்களில் தெரிந்த உணர்ச்சியைச் சொல்லால் குறித்தபோது பயம் போன்ற உணர்ச்சிகளில் பங்கு வகிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் செயல்பாடு தணிந்தது. பத்து வரை எண்ணுவதைவிட "இது பயம்", "இது அவமானம்" என்று எனக்குள் சொல்லிக்கொள்வது எனக்கு உதவுகிறது. எண்ணி முடித்த பிறகும் கோபம் அப்படியே நிற்கும். பெயர் தெரிந்த பிறகு என்ன செய்வது என்றாவது யோசிக்க முடிகிறது.

இதைச் சொல்லும்போது, எல்லாக் கோபத்தையும் விழுங்கிவிட வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் பிரிவில் ஒரு அம்மா வாரக்கணக்கில் உழைத்துத் தயாரித்த அறிக்கையை, கூட்டத்தில் வேறொருவர் தன்னுடையது போல வாசித்தார். "ராத்திரி தூக்கமே வரவில்லை" என்று அந்த அம்மா மறுநாள் காலையில் என்னிடம் சொன்னார். உதவியாளர்கள் யாரிடமும் சிடுசிடுக்கவில்லை. பழைய வரைவுகளைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனார். "இதைத் தயாரித்தது நான். அடுத்த கூட்டத்தில் நானே விளக்குகிறேன்" என்றார். குரல் உயரவில்லை, தழையவும் இல்லை. அடுத்த கூட்டத்தில் அவரே விளக்கினார், கேள்விகளுக்கும் அவரே பதில் சொன்னார். அதன் பிறகு எங்கள் அறிக்கைகளின் முதல் பக்கத்தில் தயாரித்தவர் பெயரைப் போடுகிறோம்.