வெண்கட்டிக் கோடும் ‘300’ சித்திரக்கதையும்

உயர்தர வகுப்பில் கிரேக்க, உரோம நாகரிகம் படித்த நம்மவர்களுக்குத் தெர்மொப்பிலே முதலில் கரும்பலகையில்தான் அறிமுகம். மேலே கடல், கீழே மலை, நடுவே வெண்கட்டியால் இழுத்த ஒரு கோடு. கி.மு. 480இல் பாரசீகப் பெரும்படையைக் கிரேக்கர் மூன்று நாள் மறித்துப் போரிட்ட கணவாய் அது. அந்தக் கோட்டுக்கு உயிர் கொடுத்த சித்திரக்கதைதான் ‘300’. பிராங்க் மில்லர் எழுதி வரைந்தார், லின் வார்லி வண்ணம் தீட்டினார். 1998இல் ஐந்து இதழ்களாக வந்தது, அடுத்த ஆண்டு கெட்டி அட்டை நூலானது.

பிள்ளைகளுக்கு வாங்குவதானால் நூலையே வாங்குங்கள். இதழ்களில் ஒவ்வொரு காட்சியும் எதிரெதிரான இரண்டு பக்கங்களில் விரிந்திருந்ததால் நடு மடிப்பு படத்தை வெட்டியது. நூலில் அந்த இரண்டும் சேர்ந்து ஒரே அகன்ற பக்கம். பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸின் கணக்கில் கணவாயின் அகலம் ஏறத்தாழ 15 மீற்றர்தான். அத்தனை பெரிய படை அங்கே முட்டி நின்றது ஏன் என்பது படத்தைப் பார்த்தவுடனே விளங்கும். மேசையில் விரித்து வைத்தே வாசிக்க வேண்டும், கையில் அடங்காது.

நூல் சறுக்குவது கேடயத்தில். கணவாயில் நின்ற கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டாவின் வீரர்கள் பெரும்பாலும் வெற்றுடம்போடு, சிவப்பு மேலாடை பறக்கத் தனித்தனியே பாய்கிறார்கள். உண்மையில் அந்தக் கேடயம் ஏறத்தாழ 90 சென்ரிமீற்றர் விட்டமும் 7 கிலோ அளவு எடையும் கொண்ட மரவட்டம். இடது முன்கை நடுவிலுள்ள பட்டைக்குள் முழங்கை வரை நுழையும், விரல்கள் விளிம்பிலுள்ள கயிற்றைப் பிடிக்கும். ஆகவே கேடயத்தில் பாதி உடலுக்கு இடப்புறம் நீண்டு பக்கத்தில் நிற்பவரின் வலப்புறத்தை மூடும். ஒருவர் முன்னே பாய்ந்தால் இடப்பக்கத்தவர் திறந்து கிடப்பார். அந்த மறைப்பைத் தேடி ஒவ்வொருவரும் வலப்பக்கம் ஒதுங்க, அணி முழுவதுமே வலப்புறம் சாயும் என்று இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியரான துசிடிடிஸ் எழுதியிருக்கிறார். இந்த நெருக்கம்தான் அவர்களின் பலம். அது படத்தில் சில பக்கங்களில் மட்டுமே இருப்பது பெரிய குறை.

நூலில் எபோர்கள் அருவருப்பான பூசாரிகள். ஸ்பார்ட்டாவில் அவர்கள் ஆண்டுதோறும் தெரிவு செய்யப்பட்ட ஐந்து அதிகாரிகள். பாரசீகருக்கு மலைப்பாதையைக் காட்டிக்கொடுத்த எபியால்டஸும் நூலில் வருவதுபோலக் கூனல் விழுந்த ஸ்பார்ட்டன் அல்லர், கணவாயை அண்டிய மாலிஸ் நாட்டவர். தலைப்பு ஸ்பார்ட்டா வீரர் முந்நூறு பேரை மட்டும் எண்ணுகிறது. கடைசி நாளில் தெஸ்பியா நகரத்து 700 பேரும் தாமாகவே நின்று மடிந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

கதை சொல்லும் ஒற்றைக்கண் டிலியோஸுக்குப் பின்னால் உண்மையான ஸ்பார்ட்டா வீரர் அரிஸ்டோடெமஸ் தெரிகிறார். கண்நோயால் போரில் நில்லாமல் ஊர் திரும்பியவர். அவரோடு எவரும் பேசவில்லை, அடுப்பு மூட்ட நெருப்புக்கூடக் கொடுக்கவில்லை. மறு ஆண்டு பாரசீகருக்கு எதிரான பிளாட்டேயாப் போரில் அணியை விட்டு வெறியோடு பாய்ந்து மடிந்தார். சாக விரும்பியே பாய்ந்தார் என்று சொல்லி, ஸ்பார்ட்டா அவருக்கு மரியாதை செய்யவில்லை.