அமரரும் அமராரும்

சென்ற வாரம் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்றில் 'அமரர்' என்பதை 'அமரார்' என்று அடித்துவிட்டேன். பதினெட்டு வருடம் தட்டச்சு செய்த கை. ஒரு கால் கூடிவிட்டது. நல்லவேளையாக மெய்ப்பிலேயே கண்ணில் பட்டது. அமரார் என்றால் பகைவர். பெரியவருக்குப் பங்காளித் தகராறு இருந்தது ஊரறிந்த சங்கதி. அப்படியே சுவரில் ஏறியிருந்தால், யாரோ காசு கொடுத்து அடிக்கச் சொன்னதாகவே பேசியிருப்பார்கள்.

"அமரர் என்றால் சாமியோடு போய் அமர்ந்துவிட்டவர், அப்படித்தானே தம்பி?" என்று கேட்டார் மகன்.

இல்லை அண்ணே, உட்காருவதற்கும் இதற்கும் ஒட்டுறவே கிடையாது என்றேன். மரணம் என்ற வடசொல்லின் வேர்தான் இதிலும் இருக்கிறது. முன்னால் ஓர் 'அ' வந்தால் சாகாதவர், தேவர். அமிர்தமும் அதே வேரில் பிறந்ததுதான். சாகாதவர்களின் பெயரை எடுத்துச் செத்தவருக்கு வைக்கிறோம். 1954-ல் மறைந்த கல்கி இன்றும் 'அமரர் கல்கி'தான்.

'அடக்கம் அமரருள் உய்க்கும்' என்கிறார் வள்ளுவர். அவர் சொன்னது பணிவை. எங்கள் சுவரொட்டியில் அடக்கம் என்றால் மாலை நான்கு மணிக்கு.

தேவர்களுக்கு உள்ள பெயர்களில் எனக்குப் பிடித்தது இமையவர். கண் இமைக்காதவர்கள். நளவெண்பாவில் தமயந்தியின் சுயம்வரத்துக்குத் தேவர்கள் நால்வர் நளனாகவே உருமாறி வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து நளன்கள். 'கண்ணிமைத்த லாலடிகள் காசினியில் தோய்தலால்' என்று தொடங்கும் வெண்பாவில் அவள் தன் ஆளைப் பிடித்துவிடுவாள். கண் இமைத்தது, கால் தரையில் பட்டது, மாலை வாடியது. இந்த மூன்றும்தான் அடையாளம். குறை என்று சொல்லத்தக்கவையே அவனைக் காட்டிக்கொடுக்கின்றன.

மகன் இரண்டு புகைப்படங்கள் கொண்டுவந்திருந்தார். வாக்காளர் அட்டைக்கு எடுத்ததில் பெரியவர் முறைத்துக்கொண்டிருந்தார். பேத்தியின் காதுகுத்தில் எடுத்ததில் வாய் நிறையச் சிரிப்பு, ஆனால் கண் பாதி மூடியிருந்தது.

"கண்ணைத் திறந்துவிட முடியுமா தம்பி?"

ஐந்து நிமிட வேலை. முதல் படத்தின் கண்களை வெட்டி இரண்டாவதில் ஒட்டினேன். இமைக்காத பெரியவர் திரையிலிருந்து சிரித்தார். மகன் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது அப்பா இல்லை. பழையபடி மாற்றிவிடு."