சித்தாலேப மணம்

2024 யூன் 10, திங்கள்

பின்னேரம் நாலரைக்கு டே கெயாரில் இருந்து மகனை எடுக்கப் போனேன். எப்பவும் கேற்றடிக்கு ஓடி வருகிறவன் பாயில் சுருண்டு கிடந்தான். இடது கையைத் தொடப் போனதும் "தொடாதீங்க அம்மா" என்று வீரிட்டான். முழங்கை வீங்கிப் பளபளத்தது.

"விளையாடக்குள்ள எங்கயும் விழுந்திருப்பான் கா, நாங்க காணல்ல" என்றார் டே கெயார் நடத்துகிறவர். அந்த நேரம் நம்பிவிட்டேன். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது கச்சான் காற்று முகத்தில் அடித்தது. அப்போதுதான் அவன் கையிலிருந்து, நோவுக்குப் பூசுகிற சித்தாலேப மணத்தது.

காணாத காயத்துக்கு யார் சித்தாலேப பூசினது?

யூன் 11, செவ்வாய்

இரவு முழுக்க போதனா வைத்தியசாலை. எக்ஸ்ரேயில் முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு வெடித்திருக்கிறது. கையை ஊன்றி விழும் சின்னப் பிள்ளைகளுக்கு அதிகம் உடைகிற இடம் அது என்றார் டொக்டர். பிளாஸ்டர் போட முதல் மணிக்கட்டில் நாடி பார்த்தார், விரல் நகங்களை அமத்தி நிறம் திரும்புகிறதா என்று பார்த்தார். இரத்தக் குழாய் அந்த எலும்பை ஒட்டித்தான் போகிறதாம். நெரிபட்டால் கைக்கே ஆபத்து.

"எத்தின மணிக்கு விழுந்த?" என்று கேட்டார். பெற்ற தாய் நான், எனக்குப் பதில் தெரியவில்லை.

விடியச் சாமம் மகன் தானாகவே சொன்னான்: "சோறு தின்ன முந்தி விழுந்த. அன்ரி தேச்சு விட்ட." அப்படியென்றால் குறைந்தது நாலு மணித்தியாலம். என் தொலைபேசி முழு நாளும் மேசையில்தான் கிடந்தது.

வைத்தியசாலைப் பொலிஸ் காவலறையில் பதிவு போட்டார்கள். மணத்தையும் எழுதச் சொன்னேன். அந்தப் பொலிஸ்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார்.

யூன் 13, வியாழன்

மாமி சொன்னா: "நீதானே கையெழுத்துப் போட்டுக் குடுத்த, புள்ள. இனி என்னத்தக் கேக்கிற?"

அலுமாரியில் கிடந்த அனுமதிப் படிவத்தின் பிரதியை எடுத்துப் பார்த்தேன். கடைசி வரி: 'நிலையத்தில் பிள்ளைக்கு ஏற்படும் விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' அதற்குக் கீழே என் கையெழுத்து. அன்று வேலைக்குப் பிந்துகிறது என்ற அவசரம். இப்போது அந்தக் கையெழுத்தைப் பார்க்கவே வயிறு எரிகிறது.

யூன் 18, செவ்வாய்

அண்ணனோடு படித்த சட்டத்தரணியிடம் போனேன். படிவத்தை வாசித்துவிட்டு முதலில் அந்தக் கடைசி வரியில்தான் விரலை வைத்தார். "இது செல்லாது தங்கச்சி."

இலங்கையில் 1997இல் வந்த 26ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது, நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளைப் பற்றியது. கவனயீனத்தால் ஒருவருக்கு உயிர் போனாலோ உடம்பில் காயம் பட்டாலோ, அந்தப் பொறுப்பை ஒப்பந்த வரியாலும் சுவரில் ஒட்டிய அறிவித்தலாலும் தட்டிக்கழிக்க ஏலாதாம். இதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. எத்தனை தாய்மார் என்னைப் போல ஒரு கையெழுத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்!

ஆனால் பிள்ளை விழுந்ததே போதாது. கவனிக்கும் கடமை இருந்தது, அதில் தவறினார்கள், அதனால்தான் இந்தச் சேதம் என்று காட்ட வேண்டும். எங்கள் நாட்டில் இந்த நட்டஈட்டு வழக்கு, ஒல்லாந்தர் காலத்தில் வந்த ரோமன் டச்சுச் சட்டத்தின்படி நடக்கிறது. ஆட்டோக் காசு, சம்பளமில்லாத லீவு போன்ற செலவு ஒரு பக்கம், பிள்ளை பட்ட நோவு இன்னொரு பக்கம். வேலைக்கு நிற்கிறவர் வேலை நேரத்தில் விட்ட பிழைக்கு நடத்துகிறவரும் பதில் சொல்ல வேண்டும். வழக்குப் போட 2 வருடம், 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வைத்த எல்லை. பிள்ளையின் சொந்தக் கோரிக்கைக்கு அவன் பராயமடையும் வரை அந்தக் காலம் ஓடாது. "அதுக்காக இருந்திடாதீங்க, கண்டவங்களுக்கு மறந்து போகும்" என்றார்.

குற்ற வழக்கு? 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்த்த 308அ பிரிவு, பராமரிப்பில் உள்ள பிள்ளையைத் துன்புறுத்தினாலோ கைவிட்டாலோ 2 முதல் 10 வருடம் வரை சிறை என்கிறது. ஆனால் அது வேண்டுமென்று செய்ததாக இருக்க வேண்டும். விழுந்தது அதற்குள் வராது. விழுந்தது தெரிந்தும் மணிக்கணக்காய் அப்படியே விட்டது வருமா என்பதை வாதாட வேண்டியிருக்கும்.

யூன் 20, வியாழன்

பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுத்தேன். நேரே போய்ப் பார்க்கிறோம் என்றார்.

திரும்பி வரும்போது அந்த டே கெயார் அன்ரி எங்கள் வாசலில் நின்றாள். இருபது வயது இருக்கும், வவுணதீவுப் பக்கத்துப் பிள்ளை. "பதினாலு புள்ளயள நான் ஒருத்திதான் பாக்கன் கா. கழுவ ஒன்டக் கொண்டு போகக்குள்ள இவன் கதிரையில ஏறிட்டான். அப்பயே உங்களுக்குச் சொல்லுவம் என்டன், பெரியவ வேணாம் என்டுட்டா." அழுதுகொண்டே சொன்னாள்.

பயந்த கையால் அவளுக்குத் தெரிந்ததைப் பூசியிருக்கிறாள். என் கோபம் இவளிடம் இல்லை. பதினாலு பிள்ளைகளுக்கு ஒருத்தியை வைத்தவரும், சொல்ல வேண்டாம் என்றவரும் ஒருவரே. சொன்னதை எழுதித் தருவாயா என்று கேட்டேன். வேலை போய்விடும் என்றாள். வற்புறுத்த மனம் வரவில்லை.

யூலை 4, வியாழன்

பிளாஸ்டரை வெட்டினார்கள். உள்ளே கை வெளிறி, தோல் உரிந்து, மற்றக் கையை விட மெலிந்து கிடந்தது. நீட்டச் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுகிறான். விரல்கள் எல்லாம் நன்றாக அசைகின்றன. ஒவ்வொன்றாய்ப் பிடித்துக் கொஞ்சினேன்.

யூலை 9, செவ்வாய்

அந்த உத்தியோகத்தர் போய்ப் பார்த்ததற்குப் பிறகு நடத்துகிறவர் கணவரோடு வீட்டுக்கு வந்தார். இன்னொருத்தியை வேலைக்கு எடுத்திருக்கிறாராம். செலவுக் காசை ஒரு கவரில் வைத்து, கூடவே ஒரு தாளும் நீட்டினார்: 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை.'

இந்த முறை கடைசி வரி வரை வாசித்தேன். சட்டத்தரணிக்கு அழைத்தேன். பிறகு அந்த வரியைப் பேனையால் வெட்டி, 'பிரயாணச் செலவும் லீவுச் சம்பளமும் மட்டும் பெற்றுக்கொண்டேன். மகனின் உரிமை அப்படியே இருக்கிறது' என்று எழுதித் திகதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். அவரையும் வைக்கச் சொன்னேன்.

கணவரின் முகத்தைப் பார்த்தார். பேனையை வாங்கினார்.