கந்தல் துணிதான் பேய்

1968-இல் பிபிசி ஒளிபரப்பிய 'விசில் அண்ட் ஐ'ல் கம் டு யூ' கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம்; முக்கால் மணி நேரம்கூட ஓடாது. ஜொனாதன் மில்லர் இயக்கம். நாயகனை அவன் கனவில், ஆளில்லாக் கடற்கரையில் ஒரு கந்தல் துணி துரத்துகிறது. பேய் அவ்வளவுதான், ஆனாலும் வயிற்றைக் கலக்கும்.

இப்படியொன்றை நீங்கள் எடுப்பதானால், நொடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து 25-இல் ஓட்டுங்கள். வேகம் பாதியாகி, காற்றுக்குக் கட்டுப்படாததுபோல் துணி நெளியும். ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடுதலாக, அதாவது இரு மடங்கு வெளிச்சம் வேண்டும், அதை மறந்தால் படம் இருண்டுவிடும். கனத்த போர்வை தொங்கிவிடும், நைந்த மல்துணியே சரி. தூண்டில் நரம்பில் கட்டினால் விளக்கைப் பின்னால் வைக்காதீர்கள், நரம்பு பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். பின்னணி இசையா? வேண்டவே வேண்டாம். நாயகனாக நடித்த மைக்கேல் ஹோர்டெர்னின் முணுமுணுப்பு ஒன்றே அந்தப் படத்தில் பாதி வேலையை முடித்துவிடுகிறது.