மாதாவுக்கு நன்றி சொல்லப் போனோம்

ஆகஸ்ட் 29 கொடியேற்றம் தொடங்கி செப்டம்பர் 8 பெருவிழா வரை வேளாங்கண்ணியில் கூட்டம் சொல்லி மாளாது. காவி உடுத்தி, சின்னத் தேரில் மாதா சுரூபத்தை வைத்து இழுத்துக்கொண்டு, "மரியே வாழ்க" என்று கால்நடையாகவே ஊர் ஊராக வந்து சேருவார்கள். நாங்கள் போனது அந்தக் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு. தங்கை பிள்ளைக்கு ஒரு வயது முடிந்திருந்தது. ஏழாம் மாதத்திலேயே பிறந்து இன்குபேட்டரில் கிடந்த பிள்ளை. பிழைத்தால் மணலில் முழங்காலிட்டு வருவதாக அம்மா அப்போது நேர்ந்திருந்தார்.

வேளாங்கண்ணிக் கோயிலே ஒரு நன்றிக்கடன்தான். சீனக் கரையிலுள்ள மக்காவ் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குப் போன போர்த்துக்கீசியர்கள் வங்கக்கடலில் புயலில் சிக்கி, கரை சேர்ந்தால் மாதாவுக்கு ஆலயம் கட்டுவதாக வேண்டிக்கொண்டார்களாம். ஒரு செப்டம்பர் 8 அன்று இங்கே கரையேறி, சொன்னபடி கட்டினார்கள் என்பது வழிவழியாக வரும் மரபு. பிறகு ஒருமுறை வந்தபோது பீடத்துக்குப் பீங்கான் தட்டுகளும் கொண்டுவந்து பதித்தார்களாம். உயிர் தப்பியாயிற்று, சொன்ன வாக்கை யார் கேட்கப்போகிறார்கள் என்று போய்விடாமல் திரும்பி வந்தார்களே, எனக்கு அதுதான் பெரிதாகப்படுகிறது. 1962இல் திருத்தந்தை 23ஆம் யோவான் இதைப் பேராலயமாக உயர்த்தினார்.

மாதா குளத்துக்குப் போகும் மணல்பாதையில் அம்மா முழங்காலிட்டார். எனக்குப் பயம்தான், மூட்டு வலிக்காரர். வெயில் ஏறுவதற்கு முன்பே ஆரம்பித்தும் மணல் சுட்டது. சேலையை முழங்காலுக்கு அடியில் மடித்துக் கொடுத்துக்கொண்டே தங்கை பக்கத்தில் நடந்தாள். அம்மா கையில் ஜெபமாலை. பத்து மணிகளை உருட்டி முடிக்கும்போதெல்லாம் நின்று, உள்ளங்கை மணலைத் தட்டிவிட்டு, மறுபடி நகர்ந்தார்.

முன்னால் ஒரு அம்மா இதேபோல் போய்க்கொண்டிருந்தார். "என்ன நேர்ச்சைக்கா?" என்று அம்மா கேட்டார்.

"ஒண்ணும் இல்லம்மா. இந்த வருசம் எல்லாரும் நல்லா இருக்கோம், அதான்."

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. நெருக்கடி எதுவும் வராத வருடத்துக்கும் நன்றி சொல்ல ஒருவர் முழங்காலிட்டு வருகிறார். நம்மில் எத்தனை பேருக்கு அது தோன்றும்?

காணிக்கைப் பொருள்கள் வைத்திருக்கும் இடத்தில் நெடுநேரம் நின்றோம். வெள்ளியில் கை, கால், கண், தொட்டில். கூடவே கடிதங்கள். கோணல்மாணலான ஒரு கையெழுத்தில், வேலை கிடைத்ததென்று இரண்டே வரி. இயேசு குணமாக்கிய தொழுநோயாளர் பத்துப் பேரில் திரும்பி வந்தவர் ஒருவர்தான், அவரும் சமாரியர் என்று லூக்கா நற்செய்தி 17ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்த ஒருவரின் வரிசையில் வந்தவர்கள் இவர்கள் என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது.

ஆனால் இந்தக் கடற்கரையில் நன்றியைச் சத்தமாகச் சொல்ல எனக்குக் கூச்சமும் உண்டு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள், இங்கே வந்திருந்த திருப்பயணிகள் நூற்றுக்கணக்கானோரை சுனாமி கொண்டுபோனது. அவர்களும் நேர்ச்சையோடு வந்தவர்கள்தான். எங்கள் பிள்ளை பிழைத்தது எங்கள் ஜெபத்துக்குக் கிடைத்த கூலி என்று நினைத்தால் அது பாவம். அதே வார்டில் பிழைக்காத பிள்ளைகளின் தாய்மாரும் எங்களைப் போலவேதான் அழுது ஜெபித்தார்கள். கொடுத்ததை ஏன் கொடுத்தார் என்று தெரியாமலேயே வாங்கிக்கொண்டு நிற்கிறோம். பூசையில் "நம் இறைவனாகிய ஆண்டவருக்கு நன்றி கூறுவோம்" என்று சாமியார் சொல்ல, அம்மா பதில் சொன்ன குரல் நடுங்கியது. அவருக்கும் அந்தத் தாய்மார் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

வீட்டில் இப்போது இரவு ஜெபமாலைக்கு முன் ஆளுக்கொரு நன்றி சொல்கிறோம். பொதுவாக "எல்லாத்துக்கும் நன்றி" என்று சொல்ல அம்மா விடுவதில்லை. "எதுக்குன்னு சொல்லு" என்பார். மச்சான் ஒருநாள், மழையில் தார்ப்பாய் பிடித்து உதவிய பக்கத்துக் கடைக்காரரைச் சொன்னார். "அவர்கிட்ட சொன்னீங்களா?" என்று அம்மா கேட்க, மறுநாள் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அம்மாவுக்கு இன்னொரு கடன் பாக்கி இருந்தது. இன்குபேட்டர் வார்டில் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் பால் கொடுத்த நர்ஸ். மாதா எண்ணெய் பாட்டிலும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு பிள்ளையோடு போனோம். அவருக்கு இரவு ட்யூட்டி என்றார்கள். சாயங்காலம் வரை வராந்தாவில் காத்திருந்தோம். வந்தவர், அம்மா நன்றி சொல்லத் தொடங்குவதற்குள்ளேயே பிள்ளையைக் கையில் வாங்கி, தூக்கிப் பார்த்து, "எத்தனை கிலோம்மா இருக்கான்?" என்றார்.

"எட்டரை, சிஸ்டர்."

"பரவாயில்லையே!" என்று உள்ளே திரும்பி, கூட வேலை பார்க்கிறவர்களையும் கூப்பிட்டார்.