பதினைந்து பைட் தமிழ்

மொழி மாதிரி உரையை எப்படி எண்ணாக்குகிறது என்று அலுவலகத்தில் விளக்க நான் எடுத்த முதல் வகுப்பு இருபதாவது நிமிடத்திலேயே படுத்துவிட்டது. திரையில் மூளை நரம்பின் படம், பக்கத்தில் வட்டங்களும் அம்புகளும். மனித மூளை போலத்தான் இதுவும் என்று அளந்துகொண்டிருந்தேன். எதிரே எட்டுப் பேர், ஜாவா என்ற நிரல்மொழியில் பல ஆண்டுகள் ஊறியவர்கள். அணியின் மூத்தவர் கேட்டார்: "அந்த முதல் வட்டத்துக்குள் என்ன போகிறது? எழுத்துச் சரமான ஸ்ட்ரிங்கா, எண்ணா?" எண் என்றேன். "ஸ்ட்ரிங் எந்த இடத்தில் எண்ணாக மாறியது?" ஒரு சொல்லுக்கு ஓர் எண் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பித்தேன். அது தவறு. அந்த ஒரு வாக்கியத்தை அவர்கள் மனதிலிருந்து அழிக்க எனக்கு இரண்டு வெள்ளிக்கிழமைகள் ஆயின.

சென்னையில் எங்கள் அணி, வாடிக்கையாளர்கள் தமிழில் எழுதும் புகார்களை வகை பிரிக்க, உரையைப் படித்துப் பதில் தரும் நிரலான மொழி மாதிரி ஒன்றை வெளி நிறுவனத்திடமிருந்து பயன்படுத்தியது. கட்டணம் டோக்கன் கணக்கில், அதாவது மாதிரி உரையை நறுக்கிக்கொள்ளும் துண்டுகளின் கணக்கில். அதே புகாரை ஆங்கிலத்தில் அனுப்பினால் குறைவு, தமிழில் பல மடங்கு. ஏன் என்று விளக்கும் வேலை, எப்போதோ ஓர் இணைய வகுப்பை முடித்த பாவத்துக்காக என் தலையில் விழுந்தது.

இரண்டாவது வாரம் படங்களை எடுத்துச் செல்லவில்லை. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று மட்டும் கேட்டேன். மூன்று என்றார்கள். ஜாவாவைக் கேட்டோம்: 5. எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் பைட்டுகளாக எண்ணச் சொன்னோம்: 15. ஆங்கிலத்தில் அதே பெயரை எழுதினால் ஐந்தெழுத்து, ஐந்தே பைட். அறையில் முதன்முறையாக எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஐந்து எப்படி வந்தது? மி என்பது ம-வும் இகரக் குறியும். ழ் என்பது ழ-வும் புள்ளியும். 247 எழுத்து என்று படித்து வளர்ந்த நமக்கு இது உறுத்தும். இலக்கணத்தில் க் உடன் அ சேர்ந்தால் க. உலக மொழி எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் யூனிகோடிலோ க உடன் புள்ளி சேர்ந்தால் க். கணினி நம் பாடத்தைத் தலைகீழாக நடத்துகிறது.

அடுத்தது டோக்கன். இங்கேதான் காகிதத்தை நம்பினேன். பாட்டு, பாட்டி, பாடம், பாட்டன் என்ற நான்கு சொற்களையும் குறியீடு குறியீடாகச் சீட்டுகளில் அச்சடித்தேன். ஒட்டுவதற்கு செல்லோடேப். தனியாக அச்சான குறிகள் பக்கத்தில் ஒரு புள்ளிவட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தன. மொத்தம் 24 சீட்டுகள். விதி ஒன்றுதான்: அதிக முறை அடுத்தடுத்து வரும் இணை எதுவோ, அதை எல்லாச் சொற்களிலும் ஒட்டு, பிறகு மறுபடி எண்ணு.

முதல் சுற்றிலேயே சண்டை. ப-வும் காலும் நான்கு முறை, காலும் ட-வும் நான்கு முறை. சமமானால் எதை ஒட்டுவது? முதலில் கண்ணில் பட்டதை என்று முடிவு செய்தோம். எந்த விதியானாலும் சரி, ஒட்டிய வரிசையைச் சேமித்து வைக்க வேண்டும், புதிய சொல் வரும்போது அதே வரிசையில்தான் ஒட்ட வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை, அவர்களே கண்டுபிடித்தார்கள். நான்கு சுற்றில் பா, பாட, பாட், பாட்ட என்று வளர்ந்து, 24 சீட்டுகள் 10 துண்டுகளாயின. இப்படிக் கிடைக்கும் துண்டுதான் டோக்கன், எண் கொடுப்பது சொல்லுக்கல்ல, அதற்குத்தான். பாட்டு என்பது இப்போது 'பாட்ட'வும் ஓர் உகரக் குறியும். உயிர்மெய்யை நடுவில் பிளக்கிறதே என்று ஒருவர் முகம் சுளித்தார். அந்த எண்ணிக்கைக்கு இலக்கணம் தெரியாது.

இது 1994-இல் பிலிப் கேஜ் கோப்புகளைச் சுருக்க வெளியிட்ட உத்தி, மொழிபெயர்ப்பு ஆய்வாளர்கள் பின்னால் எடுத்துக்கொண்டார்கள் என்றதும் அறை தளர்ந்தது. கோப்புச் சுருக்கம் அவர்களுக்குத் தெரிந்த பக்கத்து வீடு. மூளை என்று தொடங்கிய என் தவறு அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

ஒரு பொய்யையும் ஒப்புக்கொண்டேன். நாங்கள் எழுத்துக் குறியீட்டிலிருந்து ஒட்டினோம், 2019-இல் வந்த ஜிபிடி-2 என்ற மொழி மாதிரி பைட்டிலிருந்து ஒட்டுகிறது. 256 பைட்டுகள், 50,000 ஒட்டல்கள், உரையின் முடிவைக் குறிக்க ஒன்று: மொத்தம் 50,257 டோக்கன்கள். அந்த ஒட்டல்களை எண்ணிய உரை பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ் இணைகள் அங்கே அரிதாகவே வந்ததால், ஒட்டப்படாமல் உதிரியாகவே நிற்கின்றன. பின்னால் வந்த மாதிரிகளில் நிலைமை மேம்பட்டாலும் இடைவெளி இருக்கத்தான் செய்கிறது. "அப்படியானால் ஒட்டாத சீட்டுக்குத்தான் பணம் கட்டுகிறோமா?" என்றார் மூத்தவர். ஆமாம் சார் என்றேன்.

மூன்றாவது வாரம் உண்மையான புகார்களிலிருந்து சொற்களை எடுத்து நிரல் வழியாகவே சீட்டு அச்சடித்தேன். இரண்டு மேசைகளுக்கும் 'கொடுத்தேன்' போனது. ஒரு மேசையில் 10 சீட்டுகள், இன்னொன்றில் 11. என் அச்சுப் பிழை என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். டெஸ்டிங் பிரிவு அக்கா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றில் கொ இரண்டு சீட்டு. மற்றதில் மூன்று: க, ஒற்றைக் கொம்பு, கால்.

"தம்பி, இது உன் தப்பில்லை" என்று எழுந்து போய் மடிக்கணினியைத் திறந்தார். கண்ணுக்கு முன்னால் இருக்கும் புகார் தேடலில் மட்டும் சிக்காது என்று அவர் நான்கு மாதங்களாகத் திறந்து வைத்திருந்த பிழை அது. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய பதிவுகளில் மட்டும் கொம்பும் காலும் பிரிந்து கிடந்தன. திரையில் இரண்டும் ஒன்றேபோல் தெரியும், ஒப்பிட்டால் பொருந்தாது. சேமிப்பதற்கு முன்பும் தேடுவதற்கு முன்பும், பிரிந்த குறிகளை ஒன்றுசேர்க்கும் என்.எஃப்.சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றும் ஒற்றை வரியைச் சேர்த்தோம், பழைய பதிவுகளையும் ஓரிரவில் மாற்றினோம்.

டோக்கன் கட்டணம் அப்படியேதான் இருக்கிறது. பிழையை மூடும்போது காரணம் என்ற கட்டத்தில் அக்கா தமிழிலேயே எழுதினார்: "கொம்பும் காலும் தனித்தனியாக வந்திருக்கின்றன. சீட்டு இணைப்பில்." உண்மையாகவே அந்தச் சீட்டுகளைப் படம் எடுத்து இணைத்திருந்தார்.