காசிமேட்டு உப்பும் 207-இன் டீசல் லைனும்

வண்டி 2003 மாடல் டாடா 207 டிஐ, டீசல் பிக்கப். மாமா காசிமேட்டிலிருந்து மீன் பெட்டி ஏற்றிப் பல வருடம் ஓட்டியது. அவர் ஓட்டுவதை நிறுத்தியபின் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவோரம் நின்றுகொண்டிருந்தது. காயலான் கடைக்குக் கொடுக்க மனம் வரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். பிழைப்பு வேறு, இது ஞாயிற்றுக்கிழமை வேலை. 2956 சிசி, நாலு சிலிண்டர், டர்போ இல்லை, சென்சார் இல்லை. ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் கோளாறை நாமே துரத்திப் பிடிக்கலாம் என்பதுதான் இந்த எஞ்சினிடம் எனக்குப் பிடித்தது.

கோளாறு இதுதான். காலையில் செல்ஃப் அடித்தால் உடனே பிடிக்கும், சில நொடி ஓடும், நின்றுவிடும். அப்புறம் பேட்டரி சோர்ந்துபோகும் வரை அடித்தாலும் பிடிக்காது. எப்படியோ கிளம்பிவிட்டால் ஓடும், ஆனால் மின்ட் மேம்பாலம் ஏறும்போது இழுக்காது. விசாரித்த இடத்திலெல்லாம் ஒரே பதில்: பம்பை, அதாவது டீசலை அழுத்தி சிலிண்டருக்கு அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பை, இறக்கு. மாமா மட்டும் வேறு மாதிரி சொன்னார். "பம்புல கை வெக்காதடா. மொதல்ல டேங்க்ல இருந்து வா."

அவர் சொன்னது சரி என்பதற்கு வண்டியே சாட்சி சொன்னது. செல்ஃப் அடிக்கும்போது ஒருவரை சைலன்சர் பக்கம் நிற்கச் சொல்லிப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று பொருள். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் பலம்), நாசில் (டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் முனை), டைமிங் (தெளிக்கும் நேரம்) பக்கம் தேட வேண்டும். புகையே வராவிட்டால் டீசலே போய்ச் சேரவில்லை. என் வண்டியில் புகை துளியும் இல்லை. டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி இன்ஜெக்ஷன் பம்புக்குத் தள்ளுவது ஃபீட் பம்ப். அதில் இருக்கும் ஹேண்ட் பம்பைக் கை இறுகும் வரை அடித்துவிட்டு செல்ஃப் போட்டால் ஒரே அடியில் பிடித்தது. கம்ப்ரஷன் போன எஞ்சின் அப்படிப் பிடிக்காது. ராத்திரியில் லைனில் இருக்கும் டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடுகிறது, அந்த இடத்தில் காற்று நிரம்புகிறது. டேங்க் நிறைய டீசல் இருந்த நாட்களில் தொல்லை குறைந்ததும் இதோடு பொருந்தியது.

ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு டீசல் கூடக் கிடையாது. பலரும் தடுமாறுவது இங்கேதான். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள லைன் உறிஞ்சும் பக்கம். அங்கே ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே கசிவதைவிட வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுவதுதான் அதிகம். ஃபீட் பம்புக்கு அப்புறம் உள்ள லைன் தள்ளும் பக்கம், அங்கே ஓட்டை என்றால் ஈரம் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் காய்ந்து கிடக்கும் குழாயை நல்ல குழாய் என்று நம்பக் கூடாது.

கொத்தனார் லெவல் பார்க்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ட்யூப் ஒரு முழம் வாங்கி, ஃபீட் பம்புக்கு முன்னால் இணைத்தேன். எஞ்சின் ஓடும்போது கடுகு கடுகாகக் குமிழ்கள் வரிசையாகப் போயின. (இந்த ட்யூப் சோதனைக்கு மட்டும்தான். டீசல் பட்டால் நாளடைவில் விறைத்து விரிசல் விடும், அப்படியே விட்டுவிடாதீர்கள்.) அடுத்து ஒரு கேனில் சுத்தமான டீசல் எடுத்து, பழைய லைனைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேராக ஃபீட் பம்புக்குக் கொடுத்தேன். கேனை பானெட்டில் கட்டித் தொங்கவிடுவதுதான் வழக்கம். நான் தரையில் வைத்தேன். மேலே இருந்தால் டீசல் தானாக இறங்கி வரும், பம்ப் வாயில் இருக்கும் வாஷர் காற்று இழுத்தாலும் மறைந்துவிடும். கீழே இருந்தால் பம்ப் உறிஞ்சித்தான் ஆக வேண்டும். குமிழே இல்லை, எஞ்சின் ஒரே சீராக நின்று ஓடியது. ஆக ஃபீட் பம்ப் நன்றாக இருக்கிறது, கோளாறு குழாயில்.

டேங்க் முனையிலும் பம்ப் முனையிலும் குழாயைக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்பைக் க்ளிப் போட்டு இறுக்கினேன். பையன் மெதுவாகக் காற்றடிக்க, நான் வண்டிக்கு அடியில் படுத்து பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டே வந்தேன். பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், குழாயைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் க்ளாம்ப் ஓரத்தில் நுரை மெல்ல உப்பியது. க்ளாம்பை எடுத்தேன். உள்ளே இருந்த ரப்பர் எப்போதோ போய்விட்டது. அந்த இடத்தில் உப்பும் துருவும் சேர்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் அப்பளம் போல உதிர்ந்தது.

மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் வழியும். அது வெறும் தண்ணீர் அல்ல, உப்புத் தண்ணீர். பாடி பலகை இடுக்கு வழியாக இறங்கி க்ளாம்புக்கு இடையில் தேங்கும். வெயிலில் தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். மறுநாள் மேலும் கொஞ்சம். கடற்காற்று வேறு. பேட்டரியைச் சேஸிஸோடு இணைக்கும் எர்த் ஸ்ட்ராப்பும் இதே உப்பில்தான் பச்சை பூத்துக் கிடந்தது, செல்ஃப் சீக்கிரம் சோர்ந்ததில் அதற்கும் பங்கு உண்டு. மீன் லோடு ஓட்டுகிறவர்கள் பாடியைக் கழுவுவதோடு நிறுத்தாமல் சேஸிஸுக்கும் நல்ல தண்ணீர் அடித்துவிட்டால் குழாய், பிரேக் லைன் எல்லாம் பல வருடம் கூடுதலாக உழைக்கும்.

கடையில் தாமிரக் குழாய் காட்டினார்கள், வளைக்கச் சுலபம் என்று. டீசலுக்குத் தாமிரம் ஆகாது, டீசல் சீக்கிரம் கெட்டுப் பிசினாகும்; ஆட்டத்தில் குழாயும் விரிசல் விடும். பழைய அளவிலேயே இரும்புக் குழாய் வாங்கி, பெயிண்ட் அடித்து, க்ளாம்ப் வரும் இடங்களில் ரப்பர் சுற்றிப் போட்டேன். குழாய் முனைகளைப் பிடிக்கும், நடுவில் ஓட்டையுள்ள பாஞ்சோ போல்ட் எல்லாவற்றுக்கும் புது வாஷர், புது டீசல் ஃபில்டர். எர்த் ஸ்ட்ராப்பும் புதிது. லைனில் இருந்த காற்றை வெளியேற்றி (ஏர் எடுத்து) முடித்ததிலிருந்து காலையில் ஹேண்ட் பம்ப் பக்கமே போகவில்லை.

மேம்பாலத்தில் இழுப்பு கூடியது, ஆனால் முழுசாக வரவில்லை. ஐடிலில் ஒரு மிஸ்ஸிங் கேட்டது, ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டு விட்டு ஓடும் சத்தம். ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் தளர்த்தினால், நல்ல சிலிண்டர் என்றால் எஞ்சின் சத்தம் தள்ளாடும். மூன்றாவதைத் தளர்த்தியபோது எந்த மாற்றமும் இல்லை. இந்தச் சோதனையில் கையையும் முகத்தையும் தள்ளி வையுங்கள், நட்டின் மேல் தடித்த துணி போடுங்கள்; அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். பட்டுவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

அந்த நாசிலைப் பம்ப், நாசில் பழுதுபார்க்கும் கடையான பம்ப் ரூமில் டெஸ்டரில் மாட்டிக் காட்டினார்கள். பனி போலப் பரவ வேண்டியது, ஒரு பக்கமாக ஒழுகியது. "இன்னா தம்பி, பம்பத் தூக்கினு வருவேன்னு பாத்தேன், ஒத்த நாசிலோட வந்துக்கிற" என்றார் அங்கிருந்த அண்ணன். மற்ற மூன்றையும் சோதித்துவிட்டு, நாசில் முனையை மட்டும் மாற்றி, அடியில் புதுத் தாமிர வாஷர் போட்டு ஏற்றினேன். மிஸ்ஸிங் போய்விட்டது. ஏற்றத்தில் வந்த கரும்புகையும் பாதி குறைந்தது. ஏர் ஃபில்டரை மாற்றியதும் மீதியும் அடங்கியது. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஓடிய வண்டியின் ஃபில்டர் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்ஜெக்ஷன் பம்ப் இன்றுவரை இறங்கவில்லை. வெகுநேரம் ஐடிலில் நின்றபின் ரேஸ் கொடுத்தால் லேசான நீலப் புகை வருகிறது, எனவே ஆயில் எங்கோ எரிகிறது. வால்வ் சீலா ரிங்கா என்று கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தபிறகுதான் எதையும் திறப்பேன். கேஜுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) தேதி வருவதற்குள் ரேடியேட்டரையும் ஒரு முறை இறக்கிக் கழுவ வேண்டும்.